ஹால்பாக் ஊரில் ஒரு கரவெட்டியான்

1

நேற்று எங்கள் ஊரில் உப்புநீர் வந்த திருநாள். எங்கள் ஊர் என்றதும் நான் பிறந்த யாழ்ப்பாணத்துக் கரவெட்டியை நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியின் தெற்கே, பவேரிய மலைகளின் அடியில் கிடக்கும் ஹால்பாக் என்ற சின்னப் பட்டணத்தைச் சொல்கிறேன். படிக்க வந்தவன், இங்கேயே தலை நரைத்துவிட்டேன்.

ஊர்வலம் பார்க்க வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பாலத்தடியில் என்னிடம், அந்த நீளமான மரக்குழாயைத் தோளில் சுமந்து போகிறார்களே, அது என்ன என்று கேட்டார். எனக்கு விடை தெரிந்த கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டால் நான் சும்மா விடமாட்டேன். மலைக்குள் உப்பூற்று இருப்பதையும், அந்த நீரைக் காய்ச்சித்தான் உப்பு எடுத்தார்கள் என்பதையும், காய்ச்சக் காய்ச்ச ஊற்றடியில் காடு தீர்ந்துபோனதையும் சொன்னேன். விறகை ஊற்றுக்குக் கொண்டுபோவதைவிட ஊற்றை விறகுக்குக் கொண்டுவரலாம் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. பைன் மரங்களைக் குடைந்து குழாயாக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, ஏற்றமான இடங்களில் நீர்ச்சக்கரம் வைத்து இறைத்து, மலைக்கு மேலால் உப்புநீரை இங்கே கொண்டுவந்தார்கள். அது வந்து சேர்ந்த நாளைத்தான் ஊர் கொண்டாடுகிறது. பிறகு வடக்கிலிருந்து வந்த படைகள் ஊரைக் கொளுத்தியதையும், கொள்ளைநோயில் செத்தவர்களுக்காக ஆற்றங்கரையில் சின்னக் கோயில் கட்டியதையும், வெங்காயம் போலக் குவிந்திருக்கும் கோபுரத்தில் இடி விழுந்ததையும் சொல்லி முடித்தேன்.

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "நீங்கள் எந்த ஊர்?"

"இலங்கை."

"அப்படியா! உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு கதை இருக்குமே. சொல்லுங்களேன்."

ஊர்வலம் திரும்புகிறது என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவருக்குச் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் மியூனிக்கில் இரசாயனம் படித்து, ஹால்பாக் உப்பாலையில் உப்புநீரைப் பரிசோதிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்த முதல் நாள். சாப்பாட்டுக்கு ஒரு விடுதிக்குப் போனேன். சைவக்காரன் தின்னக்கூடியதாக அங்கே இருந்தது அவித்த உருளைக்கிழங்கு ஒன்றுதான். உப்புக் காணாது. பரிமாறிய பெண்ணிடம் உப்புக் கேட்டேன். ஜெர்மன் மொழியில் உப்பு ஸால்ஸ். பன்றிக்கொழுப்பு ஷ்மால்ஸ். என் நாக்கு எப்படிப் புரண்டதோ, அவள் ஒரு கிண்ணம் நிறைய வெள்ளைக் கொழுப்பைக் கொண்டுவந்து கிழங்கின் தலையில் வைத்தாள். நல்ல மனதோடு இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றதைப் பார்த்து அவள் பயந்துபோனாள். கையால் தூவிக் காட்டினேன். புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது புதுக் கிழங்கும் ஒரு சிட்டிகை உப்பும் கொண்டுவந்து, "உப்பூரில் வந்து உப்புக் கேட்கத் தெரியவில்லையே" என்றாள்.

அவள்தான் தெரேஸ். என் மனைவி.

அவளுடைய தகப்பனார் மலைப்பாதையில் உப்புநீர்க் குழாயைக் காவல் செய்பவர். எந்த மரம் கசிகிறது, எந்தப் பொருத்து நெகிழ்ந்திருக்கிறது என்று நாள் முழுக்க நடந்து பார்ப்பது அவர் தொழில். பெண் கேட்கப் போனபோது அவர் என் நிறத்தைப் பற்றியோ கடவுளைப் பற்றியோ கேட்கவில்லை. "உங்கள் ஊரில் உப்பை என்ன விறகில் காய்ச்சுகிறார்கள்?" என்றுதான் கேட்டார்.

"காய்ச்சுவதில்லை. அது விளையும்."

"விளையுமா?"

"மாரித் தண்ணீர் ஏரியில் நிற்கும். கோடையில் வெயில் குடிக்கும். தண்ணீர் வற்றிய இடத்தில் உப்பு விளைந்து கிடக்கும்."

அவர் மகளைப் பார்த்தார். இந்த மனிதன் பொய்க்காரனோ என்ற சந்தேகம் கண்ணில் தெரிந்தது. நெருப்பில்லாமல் உப்பு வரும் ஒரு தேசத்தைச் சாகும்வரை அவர் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் பெண்ணைக் கொடுத்தார்.

கலியாணத்தைப் பதியப் போனபோது, கந்தோரில் இருந்தவர் பெரிய புத்தகமொன்றைப் புரட்டினார். அதில் இலங்கை இல்லை. "உங்கள் ராசா யார்?" என்று கேட்டார். இங்கிலாந்து ராசா என்றேன். "அப்படியென்றால் நீங்கள் ஆங்கிலேயர்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். நானும் தெரேஸும் ஆற்றங்கரை வழியே சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். என்னைப் போல ஓர் ஆங்கிலேயனை இங்கிலாந்தே கண்டிருக்காது.

3

கரவெட்டிக்குப் பக்கத்துக் கரணவாய் வெளியில் உப்பு விளைந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பங்குனி கழிந்தால் ஏரிக்கரை வெளுக்கத் தொடங்கும். கண் கூசும். அரசாங்க உப்பு என்பதால் காவற்காரர் நிற்பார்கள். அள்ளினால் பிடிப்பார்கள். ஆனாலும் கச்சான் என்ற சூடான தென்மேற்குக் காற்றுப் புழுதியைக் கிளப்பும் மத்தியானங்களில், காவற்காரர் பனை நிழலில் படுத்துவிட்ட நேரம் பார்த்து, அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். சேலைத் தலைப்பில் ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டு, "ஓடு தம்பி" என்பார். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஓடுவோம். வீட்டில் உப்பு இல்லாமல் இல்லை. அது அக்காவின் விளையாட்டு.

எங்கள் அம்மா நான் பால் மறக்குமுன் போய்விட்டார். என்னைத் தூக்கி வளர்த்தது செல்லம்மா அக்காதான். அவருக்கும் அப்போது பாவாடை கட்டும் வயது. பிறகு கலியாணமாகி, அத்தானுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை கிடைத்தபோதும், அக்கா கரவெட்டியிலேயே இருந்தார். அத்தான் லீவில் வந்து போவார். நான் கப்பலேறும்போது அக்கா என்னிடம், "படிச்சு முடிச்சவுடனை வந்திடு" என்று மட்டும்தான் சொன்னார். "ஓம்" என்றேன்.

இங்கே மலையிலிருந்து சில நாட்களில் ஒரு சூட்டுக்காற்று இறங்கும். ஊரே தலையிடி என்று படுத்துவிடும். நான் மட்டும் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். தெரேஸ் திட்டுவாள். கச்சானின் சூடு அதில் இருக்கிறது என்று அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

4

எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். கோயிற் புத்தகத்தில் மக்தலேனா. எனக்கு மங்களம். ஊருக்கு லேனி. அவளோடு தமிழில்தான் கதைத்தேன். நாலு வயதில் அழகாக, "அப்பா, நான் வாறன்" என்பாள். தெரேஸும் கொஞ்சம் பழகிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் ஒருவரும் போகிறேன் என்று சொல்லிப் போவதில்லை என்று நான் சொன்னதிலிருந்து, கடைக்குப் போனாலும் "வாறன்" என்றுதான் சொல்வாள்.

பிறகு ஆட்சி மாறியது. உங்களுக்கு அந்தக் கதை பத்திரிகைகளில் வந்திருக்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என்னோடு நின்று பகிடி விட்ட பதிவுக் கந்தோர்க்காரர், என்னைக் கண்டால் கடதாசிக்குள் தலையைக் குனிந்துகொண்டார். பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன லேனியிடம் ஒரு பெண் கையை நீட்டச் சொல்லி, தேய்த்தால் நிறம் போகுமா என்று பார்த்தாள். அன்றிலிருந்து லேனி தெருவில் என்னோடு தமிழ் கதைக்க மறுத்தாள். வீட்டுக்குள்ளும் மெல்ல மெல்ல விட்டுவிட்டாள். நான் தமிழில் கேட்பேன். அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அவளைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை.

சண்டை மூண்டதும் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். கந்தோர்ப் புத்தகத்தில் நான் ஆங்கிலேயன். ஆங்கிலேயர் எல்லோரும் எதிரிகள். நாங்கள் சிரித்துக்கொண்டு வந்தோமே, அதே ஒரு சொல் என்னைக் கொண்டுபோய் வேறொரு மலைமேலிருந்த பழைய கோட்டைக்குள் அடைத்தது. அங்கே கப்பற்காரர், வியாபாரிகள், குதிரைப் பந்தயக்காரர் என்று பலர் இருந்தார்கள். தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்.

நடுநிலை நாடு வழியாக ஊருக்குக் கடிதம் போட விட்டார்கள். ஆனால் தணிக்கைக்காரருக்கு விளங்கும் மொழியில்தான் எழுதவேண்டும். தமிழ் கூடாது. அக்காவுக்கு நான் ஆங்கிலத்தில் எழுதினேன். நான் சுகம், நீங்கள் சுகமா, கவலைப்பட வேண்டாம். அத்தான் லீவில் வந்து அதைத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறார். பல மாதம் கழித்து அத்தானின் பதில் வந்தது. அக்கா நம்பவில்லையாம். நான் செத்துப்போய்விட்டதாகவும், அவர் மனம் நோகக்கூடாதென்று வேறு யாரோ எழுதுவதாகவும் நினைக்கிறாராம். அக்கா சொன்னதை அத்தான் ஆங்கில எழுத்திலேயே தமிழாக எழுதி அனுப்பியிருந்தார். தணிக்கைக்காரர் எப்படி விட்டாரோ தெரியாது.

"உது என்ரை தம்பியின்ரை பேச்சில்லை. அவன்ரை குரலைக் கேட்டாத்தான் நம்புவன்."

5

அந்தக் கடிதம் வந்த குளிர்காலத்தில்தான் லிண்ட்னர் என்பவர் பெர்லினிலிருந்து வந்தார். கோட்டைத் தலைவரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே உயரமான, வழுக்கை விழுந்த ஒரு மனிதர். கதிரையை விட்டு எழுந்து, கை கூப்பி, "வணக்கம். தாங்கள் யாழ்ப்பாணத்தாரோ?" என்றார்.

நான் அழுதுவிட்டேன். இரண்டு வருடத்துக்கு மேலாக இன்னொரு மனித வாயிலிருந்து ஒரு முழுத் தமிழ் வசனத்தை நான் கேட்கவில்லை.

அவர் தரங்கம்பாடியில் பிறந்தவராம். தகப்பனார் அங்கே பாதிரியார். வேதப்புத்தகத்துத் தமிழ் பேசினார். பெர்லின் வானொலியில் தமிழிற் செய்தி வாசிக்க ஆள் தேவை என்றார். சம்மதித்தால் விடுதலை. மனைவி பிள்ளையையும் பெர்லினுக்குக் கூட்டிப்போகலாம்.

"தங்கள் குரல் யாழ்ப்பாணம் வரையில் கேட்கும். தங்கள் உறவினர் கேட்பார்கள்."

அவருக்கு அக்காவின் கடிதத்தைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று பிறகு யோசித்தேன். அந்த நேரம் யோசிக்கவில்லை. என் மனம் கரவெட்டிக்குப் போய்விட்டது. அக்கா வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருக்கிறார். என் குரல் வருகிறது. உவன் சாகேல்லை, உவன் உயிரோடை இருக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடுகிறார்.

குரல் பார்க்க ஒரு தாளைத் தந்தார். வாசிக்கத் தொடங்கினேன். முதலில் என் குரல் எனக்கே பிறத்தியானுடையது போலக் கேட்டது. போகப் போகத் தமிழ் வாயில் ஊறியது. நல்ல சாப்பாட்டைப் போல ஒவ்வொரு சொல்லையும் மென்றேன். பொருளை நான் கவனிக்கவேயில்லை. இரண்டாம் பந்தியில், திருகோணமலைத் துறைமுகம் விரைவிற் சாம்பலாகும், அங்கே வெள்ளையருக்கு ஊழியம் செய்வோரும் அதனோடு எரிவர் என்று இருந்தது. நிறுத்தினேன்.

"வாசியுங்கள்" என்றார் லிண்ட்னர்.

"என்ரை அத்தான் அங்கைதான் வேலை செய்யிறார்."

"இது வெறும் வார்த்தை. தாங்கள் குண்டு போடப்போவதில்லையே."

"ஓம், வெறும் வார்த்தைதான். ஆனா அக்கா கேப்பா."

அடுத்த முறை வரும்போது முடிவைச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

இடையில் தெரேஸ் பார்க்க வந்தாள். அவளுக்கு யாரோ முன்பே சொல்லிவிட்டார்கள். என் கம்பளிக் கோட்டைத் துவைத்து, பொத்தான் தைத்து, கையோடு கொண்டுவந்திருந்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு போகவே வந்தவள் போல இருந்தாள். நான் தாளில் இருந்ததைச் சொன்னேன். அந்தக் கம்பளியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"லேனி உன் கதிரையில் ஒருவரையும் இருக்க விடுவதில்லை" என்றாள்.

கோட்டின் புதுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தேன்.

"உன் அக்கா அதைக் கேட்டால் உன்னை மன்னிக்க மாட்டாரா, வேலு?"

"மன்னிப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது."

அவளுக்குக் கோபம் வந்தது. "எனக்கு உன் அக்காவைத் தெரியாது. நான் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு பிள்ளையும் ஒரு வெறும் கதிரையும்தான்" என்று சத்தம் போட்டாள். காவற்காரன் திரும்பிப் பார்த்தான். பிறகு நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்தது என்றதும் கம்பளிக் கோட்டை எனக்குப் போட்டுவிட்டு, எல்லாப் பொத்தான்களையும் தானே பூட்டினாள்.

"போகாதே. பெர்லினுக்குப் போகாதே. லேனிக்கு நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்" என்றாள். வாசலில் திரும்பி, "வாறன்" என்றாள்.

லிண்ட்னர் வந்தபோது மாட்டேன் என்று சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, தரங்கம்பாடியில் தாம் பிறந்த வீட்டு வாசலிலேயே அலை அடிக்கும் என்றும், இந்த நாட்டிற் கடல் எங்கோ தூரத்தில் இருக்கிறது என்றும் சொன்னார். அதன்பிறகு தெரேஸ் வருவதற்கு அனுமதி கிடைக்கவில்லை. ஊரிலிருந்து கடிதமும் நின்றுபோயிற்று.

6

சண்டை முடிந்து அமெரிக்கப் படையினர் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார்கள். பாதி நடந்தும் பாதி பால்வண்டியில் ஏறியும் ஹால்பாக் வந்தேன். கதவைத் திறந்தவள் என் தோளளவு வளர்ந்த ஒரு பெண்.

ஜெர்மன் மொழியில் எங்களைப் போலவே நீயும் உண்டு, நீங்களும் உண்டு. தாய் தகப்பனை நீ என்பார்கள். நீங்கள் என்பது பிறத்தியாருக்கு. லேனி என்னைப் பார்த்து, "நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள்?" என்றாள். அடுத்த கணம் விளங்கி, முகம் சிவந்து, அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். அவள் வாயில் அந்த நீங்கள் போய் நீ வரப் பல வாரங்கள் பிடித்தன. தமிழ் வரவேயில்லை. நான் அதற்குமேல் கேட்கவும் இல்லை.

ஊருக்குக் கடிதம் போட்டேன். இம்முறை தமிழில். அத்தானின் கையெழுத்தை எதிர்பார்த்திருந்தேன். வந்தது அக்காவின் கோணல் எழுத்து. திருகோணமலையில் குண்டு விழுந்த அன்று அத்தான் துறைமுகத்தில் இருந்திருக்கிறார். அக்காவுக்குக் கிடைத்தது அவருடைய குடையும் கால் சப்பாத்தும்தான். கடைசியில் ஒரே வரி: "நீ வா."

புறப்பட ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன். ஆங்கிலேயன் என்று அடைத்த அதே பதிவுதான் இப்போது கதவைத் திறந்தது. ஆங்கிலேயப் பிரஜை, அவர் மகள், இருவருக்கும் கப்பலில் இடம் உண்டு என்றார்கள். தெரேஸுக்குப் படுக்கையில் கிடந்த தகப்பனாரை விட்டு வர முடியவில்லை. லேனி வரச் சம்மதித்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

7

அக்கா மெலிந்து, வெள்ளைச் சேலையில், வேலிப் படலையடியில் நின்றார். என்னைத் தொடவில்லை. லேனியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கதை" என்றார்.

"என்னத்தைக் கதைக்கிறது அக்கா?"

"ஓம், உவன்தான்" என்று சொல்லி, படலையைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

சில நாட்கள் கழித்து ஒரு பின்னேரம், முற்றத்தில் லேனிக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, அக்கா தானாகவே அந்தக் கதையை எடுத்தார்.

"சண்டை நேரம் வாத்தியார் வீட்டிலை பற்றறி றேடியோ இருந்தது. பெர்லினிலையிருந்து தமிழ் சொல்லுவாங்கள். மெல்லமா வைச்சுத்தான் கேக்கிறது. நானும் போறனான்."

"நீங்களோ? ஏன் அக்கா?"

"ஜேர்மனியிலை இருக்கிற எங்கடை பொடியள் கதைக்கிறாங்களாம் எண்டு ஆரோ சொன்னவை. உன்ரை குரல் வருமெண்டு போனனான். ஒவ்வொருத்தன் தொடங்கேக்கையும் நெஞ்சு அடிக்கும். நீ இல்லை எண்டவுடனை எழும்பி வந்திடுவன்."

கோட்டை, லிண்ட்னர், தாள், திருகோணமலை, எல்லாவற்றையும் சொன்னேன். நான் மறுத்ததையும் சொன்னேன். அக்காவின் கைச் சீப்பு லேனியின் தலைமுடியில் நின்றுவிட்டது. லேனி திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"திருகோணமலையைப் பற்றி ஒருத்தன் வாசிச்சவன். நான் கேட்டனான்" என்றார் அக்கா. "கொஞ்ச நாளிலை இவரும் போயிட்டார். அது உன்ரை குரலா இருந்திருந்தா, இண்டைக்கு நீ இந்த முத்தத்திலை நிக்கேலாது. நான் உன்னை மன்னிச்சிருப்பன் தம்பி. ஆனா உன்ரை குரலைக் கேக்க எனக்கு ஏலாமப் போயிருக்கும்."

பிறகு மறுபடி தலை வாரத் தொடங்கினார். "உன்ரை குரல் வராதது நல்லது. ஆனா நீ வரேல்லை எண்டு நான் ஒவ்வொரு நாளும் அழுதுகொண்டுதான் வீட்டை வந்தனான். அதையும் நீ தெரிஞ்சு வைச்சிரு."

அக்கா எங்களை ஊரிலேயே இருக்கச் சொல்லவில்லை. தெரேஸ் எப்படிச் சமைப்பாள், குளிரில் என்ன உடுப்பாள் என்று கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டார். புறப்படும் நாள் கொடிகாமம் ஸ்ரேசன் வரைக்கும் காரில் வந்தார். றெயில் வந்து நாங்கள் ஏறி இருந்ததும், சன்னற் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, றெயில் போகுமட்டும் சும்மா இராதை. கதைச்சுக்கொண்டிரு."

"என்னத்தை அக்கா?"

"என்னத்தையெண்டாலும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஹால்பாக் ஆறு பச்சையாய் ஓடும் என்றேன். பனி விழுந்தால் சத்தமே இராது, தெரேஸ் கிழங்குக்கு உப்புக் காணாமல்தான் போடுவாள், உப்பு விளையும் என்பதை மாமனார் இன்னும் நம்பவில்லை என்றேன். றெயில் அசைந்தது. குரலை உயர்த்தினேன். பெட்டியிலிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். லேனி ஜெர்மனில், "அப்பா, என்ன சொல்கிறாய்?" என்று கேட்டாள். நான் நிறுத்தவில்லை. அக்கா மேடையில் கண்ணை மூடியபடியே, காதை என் பக்கம் சரித்துக்கொண்டு நின்றார். பனங்கூடல் வந்து அவரை மறைத்த பிறகும் நான் கதைத்துக்கொண்டேயிருந்தேன். எந்தச் சொல் வரைக்கும் அவருக்குக் கேட்டதோ தெரியாது.